தீவுப்போர் வரைபடங்களை அசல் அளவில் மறுஅச்சிட்டு வாசிக்கும் முறை: இவோ ஜிமா தாளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் தீவுச் சண்டைகளுக்காக அச்சிடப்பட்ட இராணுவ வரைபடங்களின் மறுபதிப்புகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. அவற்றில் பல சுவரில் மாட்டுவதற்குப் பொருத்தமாக இருந்தாலும், அடிக்கோலை வைத்துக் கரையிலிருந்து விமானத்தளம் வரையிலான தூரத்தை அளக்கத் தொடங்கினால் தவறான விடையையே தருகின்றன. அளவுவிகிதம் கெட்டிருக்கும், ஓரக்குறிப்புகள் வெட்டப்பட்டிருக்கும், மேலச்சின் (அடிப்படை வரைபடத்தின்மீது கூடுதலாக அச்சிடப்பட்ட குறிகளின்) நிறம் மங்கியிருக்கும். போர்க்கால வரைபடம் என்பது ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு படை எதை அறிந்திருந்தது என்பதன் ஆவணம். அந்த அறிவு அளவிலும் தேதியிலும் குறியீட்டிலும்தான் இருக்கிறது. ஆகவே இவை மூன்றும் சிதையாமல் ஒரு தாளை அச்சிட்டெடுத்து, அதைச் சரியாக வாசிப்பது வரையிலான வேலையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். 1945 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க மரைன் படை தரையிறங்கிய ஜப்பானியத் தீவான இவோ ஜிமாவின் 1:10,000 இலக்கு வரைபடத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தேவைப்படும் இடங்களில் தராவா, பெலிலியு ஆகிய தீவுகளையும் தொட்டுச் செல்கிறேன்.

படி 1: எந்த வகைத் தாள் வேண்டும் என்று முடிவு செய்தல்

தீவுப்போர் வரைபடங்கள் என்ற பெயரில் மூன்று வேறுபட்ட பொருள்கள் கலந்து கிடைக்கின்றன. முதலாவது, கப்பல்கள் கரையை நெருங்குவதற்கான கடல் வரைபடம். இதில் ஆழங்களும் பவளத் திட்டுகளும் நங்கூரமிடும் இடங்களும் முக்கியம், நிலப்பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இரண்டாவது, தரையிறங்கும் படைக்கும் பீரங்கிக் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் பொதுவாக வழங்கப்பட்ட இலக்கு வரைபடம். நிலத்தின் அமைப்போடு, வான்படங்களிலிருந்து கண்டறியப்பட்ட எதிரியின் அரண்களும் இதில் மேலச்சாக இருக்கும். மூன்றாவது, போர் முடிந்தபின் அதிகாரபூர்வ வரலாற்று நூல்களுக்காக வரையப்பட்ட நிலவர வரைபடம்; ஒவ்வொரு நாளும் படைகள் எட்டிய கோட்டை அது தெளிவாகக் காட்டும். ஆனால் களத்தில் இருந்த எவரும் அதைக் கையில் வைத்திருக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவது வகையையே பரிந்துரைப்பேன். மூன்றாவது வகை புரிந்துகொள்ள எளிது என்பதால் பலரும் அதிலேயே தொடங்குகிறார்கள். ஆனால் விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்கைப் போடுவது போன்றது அது. இலக்கு வரைபடத்தை முதலில் வாசித்து, நிலவர வரைபடத்தைப் பிறகு பக்கத்தில் விரிப்பதே நல்லது.

விமானிகளுக்குத் தப்பிச்செல்ல உதவும் வகையில் துணியில் அச்சிடப்பட்ட வரைபடங்களும் சந்தையில் உண்டு. அவை பார்க்கக் கவர்ச்சியானவை என்றாலும், பரந்த கடற்பகுதியைச் சிறிய அளவில் காட்டுபவை என்பதால் ஒரு தீவின் சண்டையை அறிய உதவாது.

படி 2: மூலப்படியைத் தேடுதல்

அமெரிக்க அரசு ஊழியர்கள் தங்கள் பணியின் பகுதியாக உருவாக்கிய ஆக்கங்களுக்கு அந்நாட்டுச் சட்டத்தில் பதிப்புரிமை இல்லை. எனவே இந்த வரைபடங்களை நமக்காக அச்சிட்டுக்கொள்வதில் பொதுவாகத் தடையில்லை. மேரிலாந்தின் காலேஜ் பார்க்கிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம், வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் வரைபடப் பிரிவு, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் பெரி–காஸ்டனேடா நூலக வரைபடத் தொகுப்பு ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மரைன் படையின் அதிகாரபூர்வ வரலாற்று நூல்களின் மின்படிகளில் நிலவர வரைபடங்கள் இணைந்தே கிடைக்கும்.

தேடும்போது பெயர்களில் கவனம் வேண்டும். இவோ ஜிமாவுக்கான தாள்கள் எரிமலைத் தீவுகள், கசான் ரெட்டோ, கந்தகத் தீவு என்ற தலைப்புகளிலும் பட்டியலிடப்பட்டிருக்கலாம். 2007-இல் ஜப்பான் அத்தீவின் அதிகாரபூர்வ உச்சரிப்பை இயோடோ என்று மாற்றியதால் அந்தப் பெயரிலும் தேட வேண்டும். தராவாச் சண்டை உண்மையில் நடந்தது அந்தப் பவளத்தீவு வளையத்தின் ஒரு துண்டான பெசியோவில். அமெரிக்கர்கள் அதற்கு வைத்த மறைபெயர் ஹெலன். அந்தப் பெயர் தெரியாமல் தேடுபவரின் கண்ணில் சில நல்ல தாள்கள் படாமலே போகும்.

படி 3: மின்படியின் தரத்தைச் சோதித்தல்

பதிவிறக்கிய படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள். நூலகப் பட்டியலில் அசல் தாளின் அளவு சென்டிமீட்டரில் தரப்பட்டிருக்கும். பிக்சல் எண்ணிக்கையை அங்குல அகலத்தால் வகுத்தால் உண்மையான நுட்பம் கிடைக்கும். 30 அங்குல அகலமுள்ள தாளின் படம் 9,000 பிக்சல் அகலம் கொண்டிருந்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி, இது போதுமானது. அதுவே 4,500 பிக்சல் என்றால் 150 புள்ளிதான். சமவுயரக்கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஓரளவு பிழைக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான எந்திரத் துப்பாக்கிக் குறியீடுகள் மைப்பொட்டுகளாகிவிடும். மென்பொருளால் படத்தைப் பெரிதாக்கி இந்தக் குறையை மறைக்க முயல வேண்டாம். இல்லாத கோடுகளை அது ஊகித்து வரைந்துவிடும். வரைபடத்தில் ஊகம் ஆபத்தானது.

திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்தை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். அது முடியாவிட்டால் வேறு படி தேடுவதே உத்தமம்.

படி 4: ஓரக்குறிப்புகளைக் காப்பாற்றுதல்

வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டால் தாள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அளவுக்கோல், குறியீட்டு விளக்கம், காந்த வடக்கின் விலகல், எந்தத் தேதி வான்படங்களிலிருந்து தொகுக்கப்பட்டது என்ற குறிப்பு, அச்சிட்ட பிரிவின் பெயர் ஆகிய அனைத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. பசிபிக் தாள்கள் பலவற்றை ஹவாயிலிருந்த 64-ஆவது பொறியியல் நிலவரைபடப் பட்டாலியன் அச்சிட்டது. இலக்குத் தகவல்களைப் பேர்ல் துறைமுகத்திலிருந்த கூட்டு உளவுத்தகவல் மையம் தொகுத்தது. இரகசியம் என்ற முத்திரை இருந்தால் அதையும் விட்டுவைக்க வேண்டும். மடிப்புக் கோடுகளையும் கறைகளையும் மென்பொருளில் அழிப்பது அவரவர் விருப்பம். நான் மடிப்புகளை விட்டுவைப்பேன், ஏனென்றால் அழிக்கும் தூரிகை மடிப்போடு சேர்த்துப் பக்கத்திலிருக்கும் ஒரு பதுங்குகுழிக் குறியையும் விழுங்கிவிடுவது உண்டு.

படி 5: அளவைச் சரிபார்த்தல்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இங்கே அரைமணி நேரம் செலவிடத் தயங்க வேண்டாம்.

இவோ ஜிமா இலக்கு வரைபடத்தில் 1,000 யார்டு பக்கமுள்ள சதுரங்கள் இருக்கின்றன. 1,000 யார்டு என்பது 914.4 மீட்டர். 1:10,000 அளவில் அது தாளில் 9.144 சென்டிமீட்டராக இருக்க வேண்டும். அச்சிட்ட தாளில் ஒரு சதுரத்தை அளப்பதைவிட, வரிசையாக நான்கு சதுரங்களை அளந்து நான்கால் வகுப்பது நல்லது. அடிக்கோலில் ஏற்படும் அரை மில்லிமீட்டர் பிழை அப்போது சிறுத்துவிடும். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் தனித்தனியாக அளக்க வேண்டும். காகிதம் ஈரப்பதத்தில் ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் விரியக்கூடியது; மூலத்தாளே அப்படிச் சற்று விரிந்த நிலையில் படியெடுக்கப்பட்டிருக்கலாம்.

சதுரத்தின் பக்கம் 8.8 சென்டிமீட்டராக வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 9.144-ஐ 8.8-ஆல் வகுத்தால் 1.039, ஆகவே அச்சளவை 103.9 சதவீதமாக்கி மீண்டும் அச்சிட வேண்டும். இந்தச் சிறு சுருக்கத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். இவோ ஜிமாவின் தரையிறங்கு கரைகள் மொத்தம் ஏழு, ஒவ்வொன்றும் சுமார் 500 யார்டு. ஆக 3,500 யார்டு, அதாவது 3.2 கிலோமீட்டர். சரியான தாளில் அது 32 சென்டிமீட்டர். சுருங்கிய தாளில் 30.8. மூன்றேகால் கிலோமீட்டர் கூட இல்லாத கரையில் 120 மீட்டர் காணாமல் போய்விடுகிறது.

என் முதல் தாள் இப்படித்தான் வீணானது. கட்டட வரைபடங்கள் அச்சிடும் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் வழக்கம்போல் 'ஃபிட் டு பேஜ்' என்ற தெரிவை இட்டு அச்சிட்டுத் தந்தார்கள். லேமினேஷனும் முடிந்து, சட்டமும் போட்டபின், ஒருநாள் சும்மா அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் சதுரம் 8.9-இல் நின்றது தெரிந்தது. அன்று முதல், 'ஆக்சுவல் சைஸ், நூறு சதவீதம்' என்று தாளில் எழுதியே கொடுக்கிறேன். கடைக்காரர் எதிரிலேயே ஒரு சதுரத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறேன்.

யார்டுக் கட்டங்கள் இல்லாத தாள்களில் ஓரத்திலுள்ள அளவுக்கோலையே பயன்படுத்தலாம். 1945 ஜனவரி 21 அன்று 26-ஆவது இந்திய டிவிஷன் தரையிறங்கத் தொடங்கிய பர்மாவின் ராம்ரீ தீவு போன்ற இடங்களுக்கு இந்திய நில அளவைத் துறையின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவுத் தாள்களைத் தேடுவீர்கள். அங்கே விகிதம் 1:63,360, தாளில் 2.54 சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 1.609 கிலோமீட்டர்.

படி 6: காகிதமும் நிறமும்

பளபளப்பான புகைப்படக் காகிதத்தைத் தவிர்க்க வேண்டும். விளக்கொளி பட்டுத் தெறிப்பதால் மென்மையான கோடுகளை வாசிக்க முடியாது. சற்றே கனமான, பளபளப்பற்ற, அமிலம் நீக்கப்பட்ட காகிதம் போதும். அடிக்கடி விரித்து மடித்துப் பயன்படுத்துவதாக இருந்தால் கிழியாத செயற்கைக் காகிதத்தையும் எண்ணிப் பார்க்கலாம்; ஆனால் அதில் பென்சில் சரியாக எழுதாது.

நிறத்தைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்றைக் கவனித்தால் போதும்: அடிப்படை நிலவரைபடத்தின் நிறங்களும் அரண்களின் மேலச்சு நிறமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும். பல கடைகளில் மென்பொருள் தானாகவே படத்தை 'வெளுப்பாக்கி'விடும். அப்போது பழுப்பேறிய பின்புலம் வெள்ளையாகும்போது, பவளத் திட்டைக் காட்டும் வெளிர்நீலமும் அதோடு போய்விடும். பெசியோ போன்ற தீவுக்கு அந்த வெளிர்நீலம்தான் முழுக்கதை. எனவே முழுத்தாளை அச்சிடுமுன் கரை, மலை, குறியீட்டு விளக்கம் மூன்றும் அடங்கிய ஒரு சிறு துண்டை ஏ4 அளவில் அச்சிட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

படி 7: தாளை வாசித்தல்

முதலில் தீவின் தெற்கு முனையிலுள்ள சுரிபாச்சி மலையைக் கண்டுகொள்ளுங்கள். சுமார் 170 மீட்டர் உயரம். அங்கிருந்து தென்கிழக்குக் கரை வழியே வடகிழக்காக விரலை நகர்த்தினால் பச்சை, சிவப்பு 1, சிவப்பு 2, மஞ்சள் 1, மஞ்சள் 2, நீலம் 1, நீலம் 2 என்று கரைகள் வரிசையாக வரும். பச்சையிலும் சிவப்புகளிலும் 5-ஆவது மரைன் டிவிஷன், மஞ்சளிலும் நீலங்களிலும் 4-ஆவது டிவிஷன். நீலக் கரைக்கு மேலே ஒரு கல்குவாரி இருக்கிறது. வலது பக்கப் படைகளின் தலைக்கு மேல் அது எப்படித் தொங்கியது என்பதைச் சமவுயரக்கோடுகள் நெருங்கும் விதத்திலேயே உணரலாம்.

அடுத்து, சுரிபாச்சிக்கும் முதல் விமானத்தளத்துக்கும் இடையே தீவு குறுகும் கழுத்தை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 700 யார்டு, தாளில் 6.4 சென்டிமீட்டர். 28-ஆவது மரைன் ரெஜிமெண்டுக்கு இடப்பட்ட பணி இந்தக் கழுத்தைக் குறுக்காகக் கடந்து மலையைத் துண்டிப்பது. மேற்குக் கரையை அதன் முன்னணி வீரர்கள் அன்று முற்பகலிலேயே எட்டிவிட்டார்கள். ஆனால் மலையுச்சியில் கொடி ஏறியது பிப்ரவரி 23 அன்றுதான். ஆறரை சென்டிமீட்டர் தாளும் நான்கு நாளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது இந்த வரைபடத்தின் கனம் புரியும்.

வடக்கே செல்லும்போது குன்றுகளுக்குப் பெயருக்குப் பதில் எண்கள் இருப்பதைக் காண்பீர்கள். குன்று 382 என்றால் 382 அடி உயரம். மீட்டரில் சுமார் 116. அடியையும் மீட்டரையும் குழப்பிக்கொண்டால் மிதமான மேடுகள் மலைகளாகிவிடும்.

ஒவ்வொரு 1,000 யார்டு சதுரத்துக்கும் ஓர் எண் உண்டு. அது 200 யார்டு பக்கமுள்ள 25 சிறு சதுரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆங்கில எழுத்தான 'ஏ' முதல் 'ஒய்' வரை பெயரிடப்பட்டிருக்கும். ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் சொன்னால் போதும், கடலிலிருக்கும் கப்பலும் வானிலிருக்கும் விமானமும் கரையிலிருக்கும் காலாட்படையும் தாளில் 1.83 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரே கட்டத்தைப் பார்க்கும். அதிகாரபூர்வ வரலாற்று நூல்களில் 'இலக்குப் பகுதி' என்று எண்ணோடு வரும் இடங்களையெல்லாம் இந்தத் தாளை விரித்து வைத்துக்கொண்டு வாசித்தால், பக்கங்கள் திடீரென்று தெளிவடைகின்றன. இந்த ஒரு பயனுக்காகவே தாளைச் சரியான அளவில் அச்சிடுவது தகும்.

படி 8: தாளுக்குத் தெரியாதவற்றைத் தேடுதல்

இவோ ஜிமாத் தாளில் மேலச்சிடப்பட்ட அரண்களின் அடர்த்தி மலைப்பை ஊட்டும். ஆனால் அவையனைத்தும் மேலிருந்து கேமராவுக்குத் தெரிந்தவை. ஜப்பானியத் தளபதி குரிபயாஷியின் படை தோண்டியிருந்த சுமார் 18 கிலோமீட்டர் சுரங்கப்பாதைகள் தாளில் இல்லை. தீவில் 13,000 முதல் 14,000 பேர் இருப்பார்கள் என்று உளவுத்துறை மதிப்பிட்டிருந்தது. இருந்தவர்கள் ஏறத்தாழ 21,000. கரையில் அலைகள் குவித்திருந்த எரிமலை மணல் திட்டுகள் சில இடங்களில் 15 அடி உயரம் இருந்தன. உங்கள் தாளின் ஓரத்தில் தரப்பட்டுள்ள சமவுயர இடைவெளி (அடுத்தடுத்த இரு சமவுயரக்கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு) அதைவிடப் பெரிதாக இருந்தால், வண்டிகளும் மனிதர்களும் புதைந்து தவித்த அந்த ஏற்றம் தாளில் ஒரு கோடாகக்கூட வராது. முதல்நாள் இலக்கான ஓ-1 கோட்டை எண்ணெய்ப் பென்சிலால் வரைந்துகொண்டு, நிலவர வரைபடத்திலிருந்து அன்று மாலை உண்மையில் எட்டிய கோட்டையும் அருகில் வரையுங்கள். அன்று சுமார் 30,000 பேர் இறங்கியும் இரண்டு கோடுகளுக்கிடையே எவ்வளவு இடம் மீதியிருந்தது என்பதை அடிக்கோலே சொல்லும்.

பெலிலியுவின் தாள்கள் இன்னும் கொடியவை. காடு மூடியிருந்ததால் வான்படங்களில் உமுர்ப்ரோகோல் பகுதி மிதமான மேட்டுநிலமாகத் தெரிந்தது. குண்டுவீச்சில் மரங்கள் போனபின்புதான் அதன் செங்குத்தான பவளப்பாறை முகடுகள் வெளிப்பட்டன. அந்தத் தாளில் சமவுயரக்கோடுகள் இடைவெளி விட்டும் அமைதியாகவும் கிடப்பதைப் பார்த்தால், அந்த அமைதியை நம்பக் கூடாது.

பெசியோவின் குறை நிலத்தில் இல்லை, நீரில் இருந்தது. தராவாவுக்கான பழைய கடல் வரைபடங்களின் வேர் 1841-இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்க்ஸ் தலைமையிலான ஆய்வுப்பயணம் வரை செல்கிறது. 1943-இல் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பல் கடலடியிலிருந்து பெரிஸ்கோப் வழியே படமெடுத்துச் சோதித்தபோது, போருக்கு முந்தைய வரைபடத்தின் திசைக்குறிப்பில் 11 பாகைப் பிழை இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் திருத்தியும் ஓதத்தை (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை) எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தீவில் வாழ்ந்து பழகிய நியூசிலாந்துக்காரரான மேஜர் ஹாலண்ட், பவளத் திட்டின் மீது போதிய நீர் இருக்காது என்று எச்சரித்திருந்தார். 1943 நவம்பர் 20 அன்று அதுவே நடந்தது. வீரர்களைக் கரையிறக்கும் ஹிக்கின்ஸ் படகுகள் மிதக்க நாலடி அளவுக்கு நீர் தேவை. கிடைத்தது மூன்றடியும் அதற்குக் குறைவும். படகுகள் திட்டின் விளிம்பிலேயே தட்டி நிற்க, வீரர்கள் 500 யார்டுக்கு மேல் நீரில் நடந்து வந்தார்கள். பெசியோத் தாள் வைத்திருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, வடக்குப் பக்கத்தில் திட்டின் விளிம்பைக் கண்டு அங்கிருந்து சிவப்புக் கரைகள் வரை அளப்பது.

படி 9: இன்றைய நிலத்தோடு பொருத்துதல்

க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் மின்படியை ஏற்றி இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது பொருத்தலாம். இவோ ஜிமாவில் கரையோரப் புள்ளிகளை மட்டும் நம்பி இதைச் செய்தால் படம் கோணிவிடும். எரிமலை இயக்கத்தால் தீவு தொடர்ந்து மேலெழுந்து, கரை கடலுக்குள் நகர்ந்திருக்கிறது. போர்க்காலத்தில் கடலில் தனித்து நின்ற கமா பாறை இப்போது நிலத்தோடு ஒட்டிவிட்டது. சுரிபாச்சியின் எரிமலைவாய் விளிம்பு போன்ற அசையாப் புள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

படி 10: அடையாளமிடுதலும் பாதுகாப்பும்

நல்ல மறுபதிப்பு ஒருநாள் அசல் என்று விற்கப்படலாம். ஆகவே தாளின் பின்புறம் பென்சிலால் 'மறுபதிப்பு' என்று எழுதி, அச்சிட்ட ஆண்டையும் மூலப்படி இருக்கும் நூலகத்தின் பெயரையும் குறித்துவிடுங்கள். உங்களிடம் யாராவது அசல் என்று சொல்லி விற்க வந்தால் இரண்டு சோதனைகள் போதும். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பழுப்புச் சமவுயரக்கோடு திடமான ஒற்றை நிறக் கோடாகத் தெரிந்தால் பழைய கல்லச்சு வகை அச்சாக இருக்க வாய்ப்புண்டு. பல நிறப் புள்ளிகளின் தூவலாகத் தெரிந்தால் அது இன்றைய இயந்திரத்தின் வேலை. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புறஊதா விளக்கின்கீழ் காகிதம் நீலமாக ஒளிர்ந்தால், போருக்குப் பிந்தைய காலத்து வெளுப்பூட்டிகள் அதில் கலந்திருக்கின்றன.

சட்டம் போடுவதாக இருந்தால் கண்ணாடி தாளைத் தொடாதபடி அட்டை இடைவெளி விட்டு, நேரடி வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். அளந்து வாசிக்கவே வைத்திருப்பதாக இருந்தால் லேமினேஷன் வேண்டாம். கட்டங்களின் கோட்டுக்கு இணையாக மடித்து, ஓரக்குறிப்பும் தீவின் பெயரும் மேல்பக்கம் தெரியுமாறு கோப்பில் வைத்தால், அடுத்த முறை தேடாமல் எடுக்கலாம்.